கவரிங் லெட்டர்: எழுதி அனுப்பியும், வந்ததை வாசித்தும் பார்த்த அனுபவம்

பயோடேட்டாவோடு சேர்த்து அனுப்பும் கவரிங் லெட்டரால் உண்மையிலேயே பலன் உண்டா என்று எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். பலன் உண்டு. எல்லா இடத்திலும் கிடையாது, ஆனால் உள்ள இடத்தில் அது பெரிய பலன். பத்து வருஷத்துக்கும் மேலாக நான் வேலை மாறியதெல்லாம் கடிதம் எழுதித்தான். இப்போது பாரிமுனையில், சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொடுக்கும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில், அதற்கான ஆவணங்களைத் தயாரிக்கும் டாக்குமெண்டேஷன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆள் எடுக்கும்போது வரும் மெயில்களை முதலில் திறப்பதும் நான்தான். அதனால் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கே நேரம் வீணாகும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். டிஎன்பிஎஸ்சி, ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்கு இது தேவையே இல்லை. அங்கே படிவமும் மதிப்பெண்ணும்தான் பேசும். வாக்-இன் என்று போட்டிருந்தால் நேரே போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் கணக்கு எழுதும் வேலைக்குக் கடிதத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை, முதலாளியை நேரில் பார்த்துப் பேசுவதுதான் வழி. மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டர் மூலமாக எடுக்கும் வேலைகளில் தெரிந்தவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு காகிதத்துக்கு இல்லை. நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தில் ஒரே அழுத்தலில் விண்ணப்பிக்கும் வேலைகளிலும் நாம் எழுதியதை யாராவது படித்தார்களா என்பது கடைசிவரை தெரியாது.

சரி, எங்கேதான் பயன்படும்? தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று பாரிமுனையைச் சுற்றி இருக்கும், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக்கொடுக்கும் சுங்கத் தரகர் அலுவலகங்களும் ஃபார்வர்டிங் கம்பெனிகளும் பெரும்பாலும் சின்னவை. தனியாக ஹெச்ஆர் இருக்காது. மெயிலை மேனேஜரோ, சில இடங்களில் முதலாளியோ திறப்பார். அவருக்கு நேரமும் இருக்காது, ஆளும் அவசரமாக வேண்டும். பத்து பயோடேட்டா ஒரே மாதிரி இருக்கும்போது, நம் வேலையைப் புரிந்துகொண்டு எழுதிய நாலு வரி ஒருவரிடமிருந்து வந்தால், போனை எடுத்து முதலில் அவரைத்தான் கூப்பிடுவார். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வேலையில் இடைவெளி விட்டவர்களுக்கும், ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாறுகிறவர்களுக்கும் கடிதம் இன்னும் அவசியம். பயோடேட்டாவில் தேதிகள் மட்டும்தான் இருக்கும். ஏன் நின்றது, ஏன் மாறுகிறேன் என்பதைச் சொல்ல அதில் இடம் கிடையாது.

இதற்கு நான் எல்லோருக்கும் காட்டும் உதாரணம் நம்ம ராஜாஜி சாலையிலேயே இருக்கிறது. 1912 பிப்ரவரி 9 அன்று, அங்குள்ள துறைமுக நிர்வாகமான மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் தலைமைக் கணக்கருக்கு ஸ்ரீனிவாச ராமானுஜன் கிளார்க் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். மொத்தமே ஒரு பத்திதான். உங்கள் அலுவலகத்தில் கிளார்க் இடம் காலியாக இருப்பதாக அறிந்து விண்ணப்பிக்கிறேன் என்பது முதல் வரி. மெட்ரிகுலேஷன் தேறியதும், எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலக் கல்லூரிப் படிப்பு) வரை படித்துச் சில இடையூறுகளால் தொடர முடியாமல் போனதும் அடுத்த வரி. அதன்பிறகு முழு நேரத்தையும் கணிதத்துக்கே கொடுத்து வருகிறேன் என்று ஒரு வரி. இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லி, வேலை கொடுக்கும்படி கேட்டு முடித்துவிட்டார். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசுக் குறிப்பும் இருந்தது. மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

அவர் மேதை, அவருக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர் எஃப்.ஏ. தேறாத, வேலையில்லாத இளைஞர். படிப்பு நின்றதை மறைக்கவும் இல்லை, அதைப் பற்றி அழவும் இல்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் என்ன செய்தேன் என்பதற்கு நகர்ந்துவிட்டார். இடைவெளியை எழுதுவது எப்படி என்று யாராவது கேட்டால் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மறு வருஷம் ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதியபோதும், துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் கிளார்க் என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதி, அவர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. ஹார்டிக்குப் போன கடிதத்தோடு பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்திருந்தார். கடிதம் ஆளை அறிமுகப்படுத்தியது, இணைப்பு வேலையைக் காட்டியது. நம் கவரிங் லெட்டருக்கும் பயோடேட்டாவுக்கும் உள்ள உறவும் அதுதான்.

இனி, எழுதும் வழிகள். பிரவுசிங் சென்டரில் ஒரு மாதிரிக் கடிதம் வைத்திருப்பார்கள். பெயரையும் கம்பெனியையும் மாற்றி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணியாற்ற ஆவலாக உள்ளேன், கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பேன், கடைசியில் மேற்கண்ட விவரங்கள் உண்மை என்று ஓர் உறுதிமொழி. இதை வைத்தும் அனுப்பிப் பார்த்திருக்கிறேன், பதில் வந்ததில்லை. இப்போது அதே கடிதம் எனக்கு வரும்போது காரணம் தெரிகிறது. அனுப்பியவரைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை. அந்த உறுதிமொழி வேண்டுமானால் பயோடேட்டாவின் அடியில் இருந்துவிட்டுப் போகட்டும், கடிதத்துக்கு அது தேவையில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு வேறு ஒரு மாதிரி வரத் தொடங்கியது. இலக்கணம் சுத்தமாக இருக்கும், வாக்கியங்கள் பளபளக்கும், ஆனால் அடுத்தடுத்துத் திறக்கும் மெயில்களில் முதல் பத்தி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒரே கடையில் தைத்த யூனிஃபார்ம் மாதிரி. அதற்காக அதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலீஷ் பயம் நம் பிள்ளைகளுக்கு நிஜமான தடை. அதை அது பெரிய அளவில் உடைத்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான்: முதலில் தமிழில், வாயால் சொல்வது போல எழுது. அதை இங்கிலீஷாக்கச் சொல்லு, எளிமையாக, நான் சொல்லாத எதையும் சேர்க்காமல் ஆக்கச் சொல்லு. வந்ததை வரி வரியாகப் படி. இன்டர்வியூவில் விளக்கிச் சொல்ல முடியாத வார்த்தை ஒன்று இருந்தாலும் எடுத்துவிடு.

போன வருஷம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் வந்தான். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. ஆபீஸ் வேலைக்கு மாற வேண்டும், ஏற்றுமதி டாக்குமெண்டேஷன் உதவியாளர் விளம்பரம் ஒன்றைப் போனில் வைத்திருந்தான்.

"அக்கா, ஒரு கவரிங் லெட்டர் அடிச்சுக் குடுங்கக்கா."

"நீ என்ன வேலை பார்க்குற, முதல்ல அதைச் சொல்லு."

"யார்டுல இருக்கேன்க்கா. அவ்ளோதான்."

"காலையில போனதும் என்ன பண்ணுவ?"

அப்புறம்தான் வந்தது. வாசலில் வண்டி நிற்கும்போது கன்டெய்னர் எண்ணையும் சீல் எண்ணையும் பேப்பரோடு ஒத்துப் பார்ப்பானாம். கன்டெய்னர் எண் என்பது நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. அந்த ஏழாவது இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்கிட்டு வருவது, சரிபார்ப்பதற்காகவே இருப்பது. பேப்பரில் ஒரு எண் மாறியிருந்தால் அந்தக் கணக்கு பெரும்பாலும் இடிக்கும். அதை வைத்து அவன் டைப்பிங் தப்புகளைப் பிடித்து, உள்ளே விடும் முன்பே தரகருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, சூப்பர்வைசர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. என்னைப் போல டாக்குமெண்டேஷனில் இருப்பவர்களுக்கு இது தங்கம். ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் ஒரு எண் தப்பினால் திருத்தம் போட வேண்டும், சரக்கு நிற்கும், கப்பலைத் தவறவிட்டாலும் விடும். விளம்பரத்தில் 'கவனத்தோடு வேலை செய்பவர்' என்று கேட்டிருந்தார்கள். நான் கவனமானவன் என்று எழுதுவதைவிட அந்த வாசல் கதையைச் சொல்வதுதானே பதில்?

கடிதம் இப்படி அமைந்தது. முதல் பத்தியில் எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தேன், இப்போது எங்கே இருக்கிறேன். இரண்டாவது பத்தி முழுக்க அந்த வாசல் வேலை, ஒரு நாளைக்கு ஏறக்குறைய எத்தனை வண்டி பார்க்கிறான் என்பதோடு. மூன்றாவதில், ஷிப்பிங் பில் ஃபைல் செய்து பழக்கமில்லை, அதில் வரும் விவரங்கள் எவை என்று தெரியும், எக்ஸெல் தெரியும், கற்றுக்கொள்ளத் தயார் என்று உள்ளதை உள்ளபடி. கடைசியில் எப்போது சேர முடியும், போன் நம்பர். ஒரு பக்கத்தில் பாதிகூட வரவில்லை. அந்தக் கம்பெனியில் கூப்பிட்டுப் பேசினார்கள், எடுக்கவில்லை. அதே கடிதத்தில் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மாற்றி வேறு இடத்துக்கு அனுப்பினான், அங்கே கிடைத்தது.

தெரியாததைக் கடிதத்திலேயே சொல்லலாமா என்று அவன் தயங்கினான். சொல்லலாம் என்பதுதான் என் கட்சி. விளம்பரத்தில் கேட்ட ஐந்தில் நான்கு இருந்து, ஐந்தாவதைப் பற்றி நேர்மையாக ஒரு வரி இருந்தால் நான் அந்த ஆளை நம்புகிறேன். ஆனால் அந்த வரியை மூன்றாவது பத்திக்குள் வையுங்கள். எனக்கு அனுபவம் இல்லை என்றாலும் என்று கடிதத்தைத் தொடங்காதீர்கள்.

முகவரி விஷயம் கொஞ்சம் வலிக்கிற விஷயம். வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று பார்த்ததும் முகம் மாறுகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதற்காகச் சொந்தக்காரர் வீட்டு முகவரியைப் போடுகிற பிள்ளைகளும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிறந்து வளர்ந்த ஊரை மறைத்து வாங்கும் வேலையில் தினமும் மறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏரியா பெயரும் பின்கோடும் போதும், கதவு எண் வரை முதல் மெயிலில் யாருக்கும் தேவையில்லை. பல நேரம் எதிர்ப்பக்கம் இருக்கும் சந்தேகம் வேறு: அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் வருவாரா, மூன்றாம் மாதம் நின்றுவிடுவாரா? இதற்குக் கடிதத்திலேயே பதில் சொல்லிவிடலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு, கிண்டியில் வேலை என்றால் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் ஏறி வண்டி மாறாமல் போகலாம். 'தினமும் மெட்ரோவில் நேராக வந்துவிடுவேன்' என்று ஒரு வரி எழுதினால் அந்தக் கேள்வி முடிந்தது. தென்சென்னையில் ஒரு வேலைக்கு நான் அப்படி எழுதியபோது, இன்டர்வியூவில் தூரத்தைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை.

அனுப்பும் விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தனியாக இணைக்கச் சொன்னால் பிடிஎஃப், இல்லையென்றால் கடிதம் மெயிலின் உடம்பிலேயே இருக்கட்டும். வெறும் பயோடேட்டாவை இணைத்து உள்ளே ஒன்றும் எழுதாமல் வரும் மெயில்கள் ஏராளம். சப்ஜெக்டில் வேலையின் பெயரும் உங்கள் பெயரும் வேண்டும். ஃபைலுக்கும் உங்கள் பெயரே இருக்கட்டும், 'ஃபைனல் நியூ 2' வேண்டாம். சம்பளம் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். ஆதார், பான் நகல்களை முதல் மெயிலில் அனுப்பவே அனுப்பாதீர்கள். கடிதம் கிடைத்த கையோடு பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால் அது வேலை இல்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள். இப்படிப் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

'மரியாதைக்குரிய ஐயா' என்று தொடங்குவது பழசு என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். பாரிமுனைக் கம்பெனிகளில் அது இன்னும் நன்றாகவே எடுபடுகிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் கிளை என்றால் பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் பதவி. ஒரு வாரம் கழித்து, அதே மெயிலுக்குப் பதிலாக, விண்ணப்பம் கிடைத்ததா என்று இரண்டு வரி கேட்பதில் தப்பே இல்லை. மெயில்கள் அடியில் புதைந்துபோவது எங்களுக்குத் தினசரி நடக்கிறது. அந்த இரண்டு வரிதான் மேலே கொண்டு வருகிறது. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடலாம்.

அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் கம்பெனி பெயர் போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும். இன்டர்வியூவுக்குப் போகும் முன் அதே கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போக வேண்டும். என் முன்னால் வந்து உட்காருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக அவர்கள் எழுதிய இரண்டாவது பத்தியிலிருந்துதான் வரும்.