‘வாழ்நாள் இலவச ஏஐ படம்’ நோட்புக்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

“கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம், ஒரே ஒரு முறை பணம் கட்டினால் வாழ்நாள் முழுக்க அளவில்லாமல் ஏஐ படம் எடுக்கலாம்.” இந்த விளம்பரம் வீடியோ சேனல்களிலும் குழுக்களிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் பணம் கட்டி வாங்கினேன். வந்தது ஒரு நோட்புக் (பிரவுசரிலேயே ஓட்டக்கூடிய நிரல் பக்கம்) லிங்க், ஒரு பிடிஎஃப், ஒரு குழுவுக்கான அழைப்பு. போன பணம் கிடக்கட்டும். அந்த நோட்புக் என் கணக்கை வைத்து என்னவெல்லாம் செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் விற்பது என்ன என்று பார்த்துவிடலாம். எழுத்தில் கேட்டதைப் படமாக்கித் தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ மாடல் 2022 ஆகஸ்டில் வெளியானது. அதன் கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பிரவுசரில் பொத்தானை அழுத்திப் படம் எடுக்க வசதியாக ஆட்டோமேட்டிக்1111 என்ற வெப் யூஐ (பிரவுசர் முகப்பு) வந்தது, அப்புறம் கம்ஃபியூஐ வந்தது. இரண்டும் திறமூல மென்பொருள்கள், காசு கிடையாது. இதையெல்லாம் ஓட்ட ஒரு நல்ல ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு, வேண்டும். நோட்புக்குகளைத் தங்கள் கணினிகளில் ஓட்டவிடும் கூகுள் கோலாபும் காகிளும் அதையும் ஓரளவுக்கு இலவசமாகவே தருகின்றன. விற்பவர் செய்தது இந்த மூன்றையும் ஒரே நோட்புக்கில் ஒட்டியது மட்டும்தான். ஒட்டியதற்குக் கூலி என்று கேட்டிருந்தால்கூட, நேரம் மிச்சம் என்று கொடுத்துவிடலாம். அவர் கேட்டது அதற்கல்ல, ‘அளவில்லாமல்’ என்ற வாக்குறுதிக்கு.

அந்த அளவு அவர் கையில் இல்லவே இல்லை. கோலாபின் இலவசப் பிரிவில் ஜிபியு கிடைக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. கிடைத்தாலும் ஒரு செஷன் அதிகபட்சம் 12 மணி நேரம்தான் ஓடும், அதுவும் அன்றைய நெருக்கடியையும் நம் முந்தைய பயன்பாட்டையும் பொறுத்தது. காகிளில் ஜிபியுவுக்கு வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம், அதற்கும் போன் நம்பரைச் சரிபார்க்க வேண்டும். அடுத்தவன் தரும் இலவசத்துக்கு வாழ்நாள் உத்தரவாதம் எழுதிக் கொடுக்க இவர் யார்?

என் கதைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நோட்புக்கைக் கோலாபில் ஓட்டினால் ஒரு லிங்க் வரும், அதைத் திறந்தால் வெப் யூஐ. ஆனால் நான் கொஞ்சம் படங்கள் எடுப்பதற்குள்ளேயே ஜிபியு ஒதுக்கீடு தீர்ந்துவிடும். விற்பவரிடம் கேட்டால், “சர்வர் பிஸி ப்ரோ” என்பார். ஒரு நாள் வெளியீட்டுக் கோப்புறையைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அங்கே நான் கேட்காத படங்கள் இருந்தன. நான் எழுதாத ப்ராம்ப்ட்டுகள் (படம் கேட்டு எழுதும் வரிகள்), யார் யாருடைய முகங்களோ, எல்லாம் என் கூகுள் டிரைவில் ஒழுங்காகத் தேதி போட்டுச் சேர்ந்திருந்தன.

அதற்குப் பிறகுதான் நோட்புக்கின் செல்களை (தனித்தனியாக ஓட்டும் நிரல் பகுதிகளை) பிரித்துப் பார்த்தேன். கோலாபில் ஒரு செல்லின் கோடை (நிரலை) மறைத்து, தலைப்பையும் ரன் பொத்தானையும் மட்டும் காட்ட முடியும். தலைப்பின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் உள்ளே இருப்பது தெரியும். இவருடைய நோட்புக்கில் எல்லாச் செல்லும் அப்படி மூடித்தான் வைக்கப்பட்டிருந்தது. திறந்தால் நடுநடுவே பேஸ்64 முறையில் குறியீடாக்கிய நீண்ட எழுத்து வரிசைகள். அவற்றை மறுபடி எழுத்தாக்கிப் பார்த்தால், முதல் வேலை வெப் யூஐயின் கோப்புறைப் பெயரை மாற்றி, கோலாபின் கண்ணில் படாமல் வைப்பது. இரண்டாவது வேலை, வெப் யூஐக்கு அடிப்படையான கிரேடியோ மென்பொருள் உருவாக்கும் பொது லிங்க்கை எடுத்து வெளியே ஒரு முகவரிக்கு அனுப்புவது.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெப் யூஐயை ‘ஷேர்’ என்ற விருப்பத்தோடு தொடங்கினால், கிரேடியோ இணையத்தில் எங்கிருந்தும் திறக்கக்கூடிய ஒரு தற்காலிக முகவரியைத் தரும். கடவுச்சொல் போடாவிட்டால் அந்த முகவரி தெரிந்த எவரும் உள்ளே வரலாம். நம் ஜிபியு ஓடும், நம் டிரைவில் படம் சேரும். என் லிங்க்கை வாங்கி அவர் வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறார். என்னிடமும் காசு வாங்கி, என் ஒதுக்கீட்டையே இன்னொருவருக்கும் விற்றிருக்கிறார். சொந்தமாக ஒரு ஜிபியுகூட இல்லாமல் ‘சர்வர்’ நடத்தும் தொழில்நுட்பம் இதுதான்.

இதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது ஜிபியு நேரம் போனதல்ல, அந்த முகங்கள்தான். டீப்ஃபேக் உருவாக்குவதைக் கோலாப் 2022லேயே தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. யாரோ ஒருவர் இன்னொருவர் முகத்தை ஒட்டி எதையாவது செய்தால், பதிவில் இருப்பது என் கணக்கு. அந்தக் கணக்கில்தான் என் மெயிலும் குடும்பப் படங்களும் இருக்கின்றன.

கொஞ்ச நாளில் கோலாபின் எச்சரிக்கை வந்தது, செஷன் பாதியில் அறுந்தது. சேவையின் மேல் எனக்குக் கோபம் இல்லை, விதி தெளிவாகத்தான் இருக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்தே இந்த வகை வெப் யூஐக்களைக் கோலாபின் இலவசப் பிரிவு கட்டுப்படுத்துகிறது. நோட்புக்கை விட்டுவிட்டு முழுக்க வெப் யூஐ வழியாகவே வேலை செய்வது இலவசப் பயனர்களுக்கு அனுமதியில்லை என்று அவர்களுடைய கேள்வி-பதில் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கோப்புறைப் பெயரை மாற்றியவருக்கு இது நன்றாகவே தெரியும். வாங்குபவரிடம் மட்டும் சொல்லவில்லை.

புகார் சொன்னபோது கிடைத்த பதிலை அப்படியே தருகிறேன்: “புது மெயில் ஐடி ஒண்ணு போட்டுக்கங்க ப்ரோ, எல்லாருக்கும் வர்றதுதான்.” கட்டுப்பாட்டைத் தாண்டுவதற்காகப் பல கணக்குகள் வைப்பதும் அதே தடைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மீறலுக்கு மருந்தாக இன்னொரு மீறல். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் “டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது” என்றார். வெளியே போன லிங்க்கைப் பற்றிக் குழுவில் கேட்டேன், பதில் வருவதற்குள் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்.

இன்னும் சில விஷயங்கள், வேறு யாரிடம் வாங்க நினைத்தாலும் கவனிக்க வேண்டியவை. டிரைவை நோட்புக்கோடு இணைக்க (மவுண்ட் செய்ய) அனுமதி கொடுத்தால், ஒரு கோப்புறை மட்டும் திறப்பதில்லை. அந்த நோட்புக்கில் ஓடும் எந்தக் கோடும் மொத்த டிரைவையும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். படம் சேமிக்கத்தானே என்று அனுமதி கொடுத்துவிடாதீர்கள். படங்களை நேராகக் கணினிக்கு இறக்கிக்கொண்டால் போதும். அதைச் செஷன் முடிவதற்குள் செய்துவிட வேண்டும், அந்தத் தற்காலிக இயந்திரத்தோடு அதன் கோப்புகளும் போய்விடும்.

அடுத்து, ஏஐ மாடல்களைப் பகிரும் தளமான ஹக்கிங்ஃபேஸின் டோக்கன், அதாவது அந்தத் தளத்துக்கான கடவுச்சொல் போன்ற ஒரு சாவி. இந்த நோட்புக் எழுதும் உரிமையுள்ள டோக்கனைக் கேட்டது. மாடலை இறக்கப் படிக்கும் உரிமை போதும், பல மாடல்களுக்கு டோக்கனே தேவையில்லை. எழுதும் உரிமை கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். மாடல் கோப்பும் அப்படித்தான். ‘.சிகேபிடி’ என்று முடியும் பழைய வகைக் கோப்புகள் பைத்தான் நிரல்மொழியின் பிக்கிள் முறையில் ஆனவை, திறக்கும்போதே உள்ளே ஒளித்த கோடு ஓட முடியும். சேஃப்டென்சர்ஸ் வடிவம் வந்ததே இதைத் தவிர்க்கத்தான். சுருக்கிய லிங்க்கிலிருந்து இறங்கும் சிகேபிடி கோப்பைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள்.

நல்ல எண்ணத்தோடு எழுதிய நோட்புக்கில்கூட இந்த ஆபத்து உண்டு. 2024 டிசம்பரில் அல்ட்ராலிட்டிக்ஸ் என்ற பிரபலமான பைத்தான் தொகுப்பின் 8.3.41, 8.3.42 பதிப்புகளில் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை (மைனர்) சொருகிவிட்டார்கள். கம்ஃபியூஐயின் சில துணை நோடுகள் (கூடுதல் இணைப்புகள்) அந்தத் தொகுப்பை நம்பியிருப்பவை. அதை நிறுவிய கோலாப் பயனர்கள் சிலரின் கணக்குகளுக்கே தடை வந்ததாக அப்போது செய்தி வந்தது. பெரிய திட்டத்துக்கே இந்த நிலை என்றால், மூடிய செல்லுக்குள் முகம் தெரியாத ஆள் எழுதியதை என்னவென்று நம்புவது?

“எல்லாப் புது மாடலும் ஓடும்” என்ற விளம்பரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோலாபின் இலவசப் பிரிவில் வழக்கமாகக் கிடைப்பது டி4 ஜிபியு, நினைவகம் 16 ஜிபி. 2024 ஆகஸ்டில் வந்த ஃப்ளக்ஸ் மாடலுக்கு 1,200 கோடி அளவுருக்கள் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்). ஒன்றுக்கு இரண்டு பைட் என்றாலே 24 ஜிபி. சுருக்கிய பதிப்புகளை வைத்து எப்படியோ ஓட்டலாம், ஆனால் மெதுவாகத்தான் ஓடும். விளம்பரத்தில் காட்டிய படங்கள் அந்த நோட்புக்கில் எடுத்தவையாக இருக்க வாய்ப்பு குறைவு.

குழுவில் இன்னொரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது: கார்டு நம்பர் கொடுத்துப் பெரிய கிளவுட் சேவைகளின் இலவசச் சோதனைக் கணக்கைத் திறப்பது. கூகுள் கிளவுடில் அந்தச் சோதனைக் கணக்கில் ஜிபியு சேர்க்கவே முடியாது, கட்டணக் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றியபின், இலவசத் தொகை தீர்ந்ததும் கார்டிலிருந்து பிடிக்கத் தொடங்கும். இயந்திரத்தை நிறுத்த மறந்து தூங்கப் போனால் காலையில் பில்தான்.

சரி, இலவசமாக ஓட்டவே முடியாதா என்றால், முடியும். ஹக்கிங்ஃபேஸின் டிஃப்யூசர்ஸ் நூலகத்தை நோட்புக்கிலேயே நிறுவி, மாடலை ஏற்றி, ப்ராம்ப்ட் கொடுத்துப் படத்தைச் சேமிக்கச் சில வரிக் கோடு போதும். வெப் யூஐயும் இல்லை, பொது லிங்க்கும் இல்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 போன்ற சிறிய மாடல் டி4இல் சில வினாடிகளில் ஒரு படம் தந்துவிடும். பொத்தான்களும் ஸ்லைடர்களும் இருக்காது, அது ஒரு குறைதான். எனக்கு இப்போது அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

இந்த நோட்புக்கை ஏற்கெனவே வாங்கி ஓட்டியவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் செஷனை உடனே நிறுத்துங்கள், பொது லிங்க் அதோடு செத்துவிடும். ஹக்கிங்ஃபேஸ் அமைப்புகளில் அந்த டோக்கனை நீக்குங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எவற்றுக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்து, அறியாதவற்றை எடுத்துவிடுங்கள். டிரைவில் வெளியீட்டுக் கோப்புறையைத் திறந்து, நீங்கள் எடுக்காத படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அழிக்கும் முன் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சேவைக்கோ சைபர் குற்றப் பிரிவுக்கோ புகார் கொடுக்க அது தேவைப்படும். பணம் கட்டிய ரசீதையும் அந்தக் குழு உரையாடலையும் உடனே சேமித்துவிடுங்கள், கேள்வி கேட்டவுடன் குழுவை விட்டு நீக்கிவிடுகிறார்கள்.