சீலுக்கு முன் ராடைப் பார்க்கும் பட்டறை: தக்கலை அருகே ஹைட்ராலிக் சிலிண்டர் பழுதுபார்ப்பு

கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்குக் கல் அடுக்கும் பணியில் ஓடும் எங்கள் பொக்லைனின் நீண்ட கையான பூமைத் தூக்கும் சிலிண்டரில் எண்ணெய் கசிந்தது. வேறோரிடத்தில் சீல் கிட் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையங்களின் தொகுப்பு) மாற்றியும் சில வாரங்களிலேயே கசிவு திரும்பியதால், தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் இடையே சாலையோரம் உள்ள ஹைட்ராலிக் பட்டறை ஒன்றை நாடினோம்.

இங்கே சீலைத் தொடுவதற்கு முன், சிலிண்டருக்குள் போய் வரும் தண்டான ராடைத்தான் பார்க்கிறார்கள். ராடைத் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்து, நகத்தால் மெல்ல வருடிய மூத்த மெக்கானிக், குரோம் பூச்சு ஊசிமுனை அளவில் பொத்துப்போயிருந்த இடங்களைக் காட்டினார். உப்புக்காற்று அரித்த அந்தக் குழிகளின் விளிம்புதான், ராடு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் புதுச் சீலின் உதட்டை அறுத்திருக்கிறது. பிறகு ராடை வி-பிளாக்கில் உருட்டி, டயல் கேஜ் வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தார்கள்; குழாயின் உட்சுவரில் இருந்த லேசான கீறல்களை, சாணைக்கல்லால் மெல்லத் தேய்க்கும் ஹானிங் செய்து நீக்கினார்கள். பூம் தானாக இறங்குவதற்குப் பிஸ்டன் சீல் மட்டுமன்றி, எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் வால்வும் காரணமாகலாம் என்பதால், கழற்றும் முன்பே இரண்டையும் தனித்தனியே சோதித்தது எனக்கு மிகவும் பிடித்தது.

பராமரிப்பு குறித்தும் பொறுமையாக விளக்கினார்கள். வேலை முடிந்ததும் ராடுகளை இயன்றவரை உள்ளிழுத்து நிறுத்த வேண்டும். வெளியே நிற்கும் பகுதியைத் துடைத்து கிரீஸ் பூச வேண்டும். இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் எண்ணெய்த் தொட்டிக்குக் காற்று போய்வரும் டேங்க் பிரீதர் வழியாகவும் ஈரம் இறங்கும் என்பதால், எண்ணெய் பால்போல் வெளுத்தால் உடனே கவனிக்க வேண்டும். ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். அட்டைத்துண்டைப் பிடித்துப் பார்ப்பதே முறை. டிப்பர் ஓட்டுநர்கள், தூக்கிய பாடிக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் நுழையவே கூடாது.

குறைகளும் உண்டு. ஹார்ட் குரோம் பூச்சுக்கு ராடை வெளியூர் அனுப்புவதால் வண்டி ஒரு வாரத்துக்கும் மேலாக முடங்கியது. சிலிண்டரைப் பூட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே கிரைண்டிங்கும் நடக்கிறது. இரும்புத்தூள் உள்ளே போனால் செய்த வேலை அனைத்தும் வீண் என்பதால் இதை அவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும். கூலி சற்று அதிகம்தான். ஆனாலும் கழற்றிய சீல்களைத் திருப்பித் தந்து, ஒவ்வொன்றும் எங்கே அறுந்திருக்கிறது என்று காட்டியே கணக்கை முடித்தார்கள். அவசர வேலை உள்ளவர்கள், குரோம் பூச்சுக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வண்டியை விடுவது நல்லது.