எந்தக் கத்திக்கு எந்தச் சாணை? ஆறு வருடப் பழக்கத்தில் கண்டது

எங்கள் வீடு காட்பாடியில். சமையலறையில் காய் நறுக்க இரண்டு ஸ்டீல் கத்தி, ஞாயிற்றுக்கிழமை கறிக்குக் கனமான கத்தி ஒன்று, அம்மாவின் அருவாமனை. ஆறு வருடமாக எல்லாவற்றுக்கும் நான்தான் கூர் தீட்டுகிறேன்.

முதலில் வாங்கியது பள்ளத்தில் கத்தியை வைத்து இழுக்கும் சின்ன ஷார்ப்பனர். நாலு இழுப்பு இழுத்தால் தக்காளித் தோல் வழுக்காமல் அறுபடும். விலை குறைந்த கத்திக்கு, அவசரத்துக்கு, அது போதும். ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் இரும்பைச் சுரண்டி எடுக்கிறது. ஒன்றரை வருடத்தில் என் நல்ல கத்தியின் விளிம்பு அலை அலையாகிவிட்டது. இன்னும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

அப்புறம் வேலூர் லாங் பஜாரில் இரும்புச் சாமான் கடையொன்றில் ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைசாக இருக்கும் சாணைக்கல் வாங்கினேன். பிறகு 1000 நம்பர் கல்லும் சேர்ந்தது (கல் எவ்வளவு நைசு என்பதைச் சொல்லும் எண் அது). இன்றுவரை என் கை போவது கல்லுக்குத்தான். அகலமான கத்தி என்றால், அதன் முதுகைச் சுண்டுவிரல் தடிமனுக்குத் தூக்கிப் பிடித்தால் சுமார் 15 டிகிரி வரும். காய்க்கத்திக்கு அதுவே சரி. கறிக்கத்திக்கு இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும், இல்லையென்றால் எலும்பில் பட்டதும் விளிம்பு மடங்கும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் விரலில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது.

கடைசிப் பிசிறை எடுக்கத் தோல். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மாமா கொடுத்த வெட்டுத்துண்டைப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கூர் முன்னே போகாமல், முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும்.

கறிக்கடைகளில் தொங்கும் தீட்டுக் கம்பி, மடங்கிய விளிம்பை நிமிர்த்த மட்டும்தான். முழுக்க மழுங்கியதற்கு அதனால் பயனில்லை.

அருவாமனையைக் கல்லில் வைத்துத் தேய்க்க முடியாது. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, சின்னக் கல்லைத்தான் வளைவோடு ஓட்ட வேண்டும்.

விளிம்பில் பல் விழுந்துவிட்டால் மட்டும் சக்கரச் சாணைக்காரரிடம் போகிறேன். ஒருமுறை ஒருவர் தண்ணீர் தொடாமல் பிடித்ததில் விளிம்பு நீலமாகி, இரும்பின் பதமே போய்விட்டது. இப்போதெல்லாம் பக்கத்திலேயே நின்று, "அண்ணா, தண்ணில முக்கி முக்கிப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.