பாங்காக்கில் மலிவான மதியச் சாப்பாடு: மால் மாடியா, சந்தைக் கூடமா?

முதலில் கவுன்டரில் 100 பாட் கொடுத்து ஓர் அட்டை வாங்க வேண்டும். எந்தக் கடையில் சாப்பிட்டாலும் அந்த அட்டையைத்தான் நீட்டுவோம். கழித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். ஒரு தட்டு சோறு, மேலே ஒரு பொரித்த முட்டை, ஒரு தண்ணீர் பாட்டில் எல்லாம் போகவும் அட்டையில் மிச்சம் இருக்கும். பியர் 21 என்ற மால் ஃபுட் கோர்ட்டுக்கு ஆட்கள் திரும்பத் திரும்பப் போவதற்கு இது போதும்.

பாங்காக்கின் அசோக் ஸ்கைட்ரெயின் நிலையத்தை ஒட்டியிருக்கிறது டெர்மினல் 21 என்ற மால். 2011இல் திறந்தது. விமான நிலையம் மாதிரி வடிவமைத்து, மாடிக்கு மாடி ரோம், டோக்கியோ, லண்டன் என்று ஊர் வேஷம் போட்டிருப்பார்கள். ஐந்தாம் மாடி சான் பிரான்சிஸ்கோ. தலைக்கு மேல் சிவப்புத் தொங்குபாலம், அதன் பக்கத்தில் இந்த ஃபுட் கோர்ட். அலங்காரத்தைப் பார்த்தால் பர்ஸைத் தடவிப் பார்க்கத் தோன்றும். ஆனால் பெரும்பாலான தட்டுகள் 40 முதல் 60 பாட்டுக்குள் முடிந்துவிடும் (ஒரு பாட்டுக்கு நம் பணத்தில் இரண்டரை, மூன்று ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள்). மாலுக்குள் கூட்டம் ஏற வேண்டும் என்பதற்காகவே சாப்பாட்டு விலையை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்பார்கள். ஐந்து மாடி எஸ்கலேட்டரில் ஏறி இறங்குகிறவர் வெறுங்கையோடா வீடு திரும்புவார்?

இதற்குப் போட்டியாக நான் வைப்பது "ஓர் தோர் கோர்" என்ற சந்தை. சதுசாக் வாரச் சந்தைக்கு எதிர்ப்புறம், காம்பேங் பெட் மெட்ரோவில் இறங்கினால் வாசல். உழவர்களின் விளைபொருளை விற்றுத்தரும் அரசு அமைப்பின் பெயர்ச் சுருக்கம்தான் சந்தையின் பெயர். நம்மூர் உழவர் சந்தை என்று நினைத்துப் போனால் விலைப்பலகை திருத்திவிடும். பாங்காக்கின் வசதியானவர்கள் டுரியானும் மாம்பழமும் பொறுக்கி எடுக்கும் இடம் அது. ஒரு நல்ல டுரியான் சுளைப் பொட்டலத்தின் விலைக்கு பியர் 21இல் ஒரு குடும்பமே சாப்பிடலாம். ஆனாலும் உள்ளே இருக்கும் சாப்பாட்டுக் கடைகள் அந்த அளவுக்குப் பயமுறுத்துவதில்லை. தட்டு ஒன்று 60இல் தொடங்கி 100ஐத் தாண்டும்.

ருசிக்கு வருவோம். வாணலியில் அப்போதே வதக்கித் தரும் பண்டம் என்றால் என் ஓட்டு பியர் 21க்கு. பட் கப்ராவ் கடை முன்னால் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். இடித்த பூண்டும் மிளகாயும் சூடான எண்ணெயில் விழுந்ததும் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் இருமல் வரும். பிறகு கொத்திய கோழி, மீன் சாறு, கொஞ்சம் சர்க்கரை. கடைசியாக ஒரு கைப்பிடி இலை. இரண்டு புரட்டு, இறக்கிவிடுவார்கள். அந்த இலை நம் துளசியின் இனமேதான். பெருமாள் கோவில் தீர்த்தத்தில் மட்டுமே பழகிய இலையைக் கோழியோடு வதக்குவதைப் பார்க்க எனக்கு முதல் தடவை மனசு கூசியது. இரண்டாவது வாயில் சரியாகிவிட்டது. "கை டாவ்" என்று சேர்த்துச் சொன்னால் ஓரம் மொறுமொறுவென்று பொரித்த முட்டை மேலே உட்காரும். அதைக் கேட்காமல் விடாதீர்கள்.

குழம்பு என்றால் தீர்ப்பு மாறிவிடும். ஓர் தோர் கோரில் குழம்புக் கடைகள் பாத்திரங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருக்கும்: பச்சை, சிவப்பு, மஞ்சள், நடுவில் பழுப்பாக மசமான். பெயர் தெரிய வேண்டாம், விரலை நீட்டினால் போதும். சோற்றின்மேல் ஊற்றித் தருவார்கள். முசல்மான் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அந்த மசமான் என்பார்கள். பட்டை, ஏலம், கிராம்பு, உருளைக்கிழங்கு, தேங்காய்ப் பால் என்று அது நம் குருமாவின் தூரத்துச் சொந்தம். ஊரை விட்டு வந்து மூன்று நாளானவருக்கு அந்தக் கிண்ணம் ஒரு ஆறுதல். பியர் 21இலும் குழம்புச் சோறு உண்டு. ஆனால் அங்கே தேங்காய்ப் பால் தண்ணியாகத் தெரிந்தது எனக்கு. விலை வித்தியாசம் எங்கே போகிறது என்பதும் அதில் புரிந்தது.

உட்காருவதில் மால்தான் வசதி. குளிர்சாதனம் உண்டு. தாய்லாந்து ஃபுட் கோர்ட்களில் பலவற்றில் இருப்பதுபோல் கரண்டியை முக்கி எடுக்கச் சுடுதண்ணீர்ப் பாத்திரம் வைத்திருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், எல்லாரும் செய்வதுதான். ஆனால் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அசோக் அலுவலகங்கள் முழுக்க அங்கேதான் இறங்கும். தட்டைக் கையில் ஏந்தியபடி மேசை தேடி நடக்க வேண்டிவரும். சந்தையில் கூரை மட்டும்தான், ஏப்ரல் மாதம் என்றால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இன்னொன்று, சந்தை மாலைக்குள் அடங்கிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு அதை நம்பக்கூடாது.

சைவக்காரர்களுக்கு இந்த ஒப்பீடே வேறு. கறி போடாதே என்று சொல்லிவிட்டால் போதாது. மீன் சாறும் சிப்பிச் சாறும் காய்கறிக்குள்ளும் போகும். தேட வேண்டியது மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் இருக்கும் "ஜே" என்ற அடையாளம். அந்தச் சமையலில் கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டு, வெங்காயமும் கிடையாது. பூண்டு, வெங்காயம் சேர்க்காத வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. பியர் 21இல் நான் சைவக் கடையில் சாப்பிட்டிருக்கிறேன், காளானும் சோயாவும் தாராளமாக இருந்தன. சந்தையில் சைவர் பசியாற என்றால் பழத்தையும் மாம்பழச் சோற்றையும்தான் சொல்வேன்.

வேறு இரண்டு இடங்களைப் பற்றியும் கேட்பீர்கள். எம்பிகே மாலின் ஆறாம் மாடி ஃபுட் கோர்ட் மோசமில்லை, அந்தப் பக்கம் செல்போன் உறை வாங்கப் போனால் சாப்பிடலாம். அதற்கென்று போக வேண்டாம். ஆற்றங்கரையில் ஐகான்சியாமின் தரைத்தளத்தில் படகுச் சந்தை மாதிரி கட்டியிருக்கும் சூக்சியாம் கண்ணுக்கு அழகு, பல மாகாணத்துப் பண்டங்கள் ஒரே கூரையில் கிடைக்கும். ஆனால் மலிவு என்ற தலைப்பில் அதற்கு இடமில்லை.

ஆக, வார நாளில் தனியாளாக இருந்தால் பதினோரு மணிக்கே பியர் 21 போய்விடுங்கள். சனி, ஞாயிறு சதுசாக்கில் கால் வலிக்க அலைந்துவிட்டு வந்தால் ரோட்டைக் கடந்து சந்தையில் மசமான். கிளம்பும்போது அட்டையைக் கவுன்டரில் கொடுத்து மீதியை வாங்கிக்கொள்ளுங்கள். 35 பாட் இருந்த என் அட்டை ஒன்று சென்னையில் மேசை டிராயரில், பழைய ரேஷன் ரசீதுகளோடு கிடக்கிறது.