பூட்டும் மருந்துப் பெட்டி: நள்ளிரவில்தான் அதன் அருமை தெரியும்

முதுமை மறதிநோயின் தொடக்கக் கட்டத்தில் இருக்கும் பாட்டி இரவு 2 மணிக்கு விழித்துக்கொள்கிறார். விடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை மாத்திரைகளைப் போட்டுக்கொள்கிறார். 7 மணிக்குப் பணிப்பெண் அதே மாத்திரைகளை மறுபடியும் கொடுக்கிறார். ரத்த அழுத்த மாத்திரையோ நீரிழிவு மாத்திரையோ இப்படி இரட்டிப்பாக உள்ளே போனால் தலைசுற்றல், மயக்கம், கீழே விழுதல் என்று நிலைமை மோசமாகிவிடும். சாவி போட்டுப் பூட்டும் 28 அறை வட்டப் பெட்டியை நாங்கள் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வாரப் பெட்டி இதைத் தடுக்காது. கிழமையே மறந்துபோகிறவர் திங்களன்றே செவ்வாய் மூடியைத் திறந்துவிடுவார்.

குறித்த நேரத்தில் உள்ளே இருக்கும் தட்டு ஓர் அறை நகரும், மணி அடிக்கும், விளக்கு மின்னும். பெட்டியைக் கவிழ்த்தால் அந்த வேளை மாத்திரைகள் மட்டும் விழும். உள்ளங்கையில் கவிழ்த்தால் ஒன்றிரண்டு சிதறி நாற்காலிக்கு அடியில் ஓடிவிடும். எவர்சில்வர் கிண்ணத்தில் கவிழ்க்கப் பழக்குங்கள். ‘கலகல’ என்ற சத்தம் அடுத்த அறையில் இருப்பவருக்கும் கேட்கும். ஆனால் மாத்திரை வாய்க்குள் போனதா, புடவை முந்தானையில் முடிந்து வைக்கப்பட்டதா என்பது பெட்டிக்குத் தெரியாது. அதை யாராவது பார்த்துத்தான் ஆகவேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் 28 அறைகள் 14 நாளுக்கு வரும். மூன்று வேளை என்றால் 9 நாள் போக ஓர் அறை மிஞ்சும். அங்கேதான் கணக்குக் குழம்புகிறது. 21 அறைகளை மட்டும் நிரப்பி, ஞாயிறுதோறும் புதிதாக அடுக்குவதே நல்லது. கடிகாரத்தை அமைக்கும்போது காலை 8:00, இரவு 20:00 என்பதைச் சரிபார்த்துவிட்டு, ஒரு முழு நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டுப் பாருங்கள். மூடி உள்ளே தெரியாத வகையாக இருக்கட்டும். கண்ணாடி போன்ற மூடியில் மாத்திரை கண்ணில் பட்டால், கரண்டிக் காம்பால் நெம்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லா மருந்தையும் உறையிலிருந்து பிரித்து இதில் போட்டுவிட முடியாது. நம் ஊர் ஈரக்காற்றில் வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும். ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகாட்ரான், நாக்கில் கரையும் மாத்திரைகள் ஆகியவையும் தம் உறையிலேயே இருக்கவேண்டும். மீனெண்ணெய் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும். வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் போடும் எலும்பு மாத்திரையை மற்றவற்றோடு கலக்கக்கூடாது. மறதிநோய்க்காகத் தோலில் ரிவாஸ்டிக்மின் மருந்துப் பட்டை ஒட்டுபவர்களுக்குத் தனிக் குறிப்பேடு வேண்டும். பழைய பட்டையை எடுக்காமல் புதியதை ஒட்டினால் மருந்தின் அளவு மிகுந்து கடும் வாந்தி வரலாம்.

பெட்டி வாங்கியும் தூக்கம் சரியாகவில்லை என்று குறைப்படுபவர்கள், அதில் எந்த நேரத்தில் எது விழுகிறது என்று பார்க்கவேண்டும். மறதிநோய்க்கான டொனெபெசில் மாத்திரை பெரும்பாலும் படுக்கும் நேரத்துக்கு எழுதித் தரப்படுகிறது. சிலருக்கு அதனால் தூக்கம் கெடும், கனவுகள் பயமுறுத்தும். அது உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 70 மணி நேரம் ஆவதால், காலைக்கு மாற்றினாலும் பலன் குறையாது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுவிட்டு மாற்றுங்கள். சிறுநீர் பிரிக்கும் ஃப்ரூசமைடு மாத்திரையின் இரண்டாம் வேளை மாலை 6 மணிக்கு விழுந்தால், இரவில் மூன்று நான்கு தடவை கழிப்பறைக்கு நடக்கவேண்டி வரும். அதைப் பிற்பகல் 2 மணிக்கு வைக்கலாமா என்றும் அங்கேயே கேளுங்கள்.

தூக்கத்துக்கென்று கடையில் வாங்கும் சளி, அரிப்பு மாத்திரைகளைப் பெட்டியில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்றவை டொனெபெசில் செய்யும் வேலையையே எதிர்ப்பவை. குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் சேர்ந்து வரும். லோராசெபாம், டயாசெபாம் போன்ற பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் மாத்திரைகளால் கீழே விழும் ஆபத்து கூடும். மருத்துவர் ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று தந்த தூக்க மாத்திரையும் பெட்டிக்கு வெளியே, பராமரிப்பவர் கையில் இருக்கவேண்டும். உள்ளே வைத்தால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் விழும். தூக்கத்துக்குத் தரப்படும், மெல்லக் கரையும் மெலட்டோனின் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுக்காதீர்கள்.

மருந்தில்லாத பக்கமும் உண்டு. காலையில் புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடை, மதியத் தூக்கம் அரை மணிக்குள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பியும் தேயும் வேண்டாம். ஓரிரு நாளில் திடீரென்று இரவு பகல் தலைகீழானால், அதை மறதிநோயின் தலையில் போடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றுகூட அப்படிச் செய்யும்.

மணிச் சத்தம் எதற்கு என்று புரிந்துகொள்ளக்கூடியவருக்கே இந்தப் பெட்டி உதவும். கை நடுங்குபவருக்குக் கவிழ்ப்பது சிரமம். முதல் ஒரு வாரம் ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் நின்று, “அம்மா, மணி அடிக்குது பாருங்க” என்று சொல்லிப் பழக்கினால்தான் அந்தச் சத்தத்துக்குப் பொருள் மனத்தில் பதியும்.

வாங்குவதற்கு முன்பே வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. மாதக்கணக்கில் வாங்கிய மருந்து பிளாஸ்டிக் பைகளிலும் பழைய பிஸ்கட் டின்னிலும் மிச்சம் இருந்தால் பூட்டுப் பெட்டியால் பயனில்லை. அனைத்தையும் திரட்டி, தேவையானதைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். சாவியைச் சாமி மாடத்தில் வைக்கவேண்டாம். விடியற்காலையில் விளக்கேற்றப் போகிறவர் கைக்கு முதலில் சிக்குவது அதுதான்.