பாபின் வைக்கத் துணிச்சுருள்: பினாங்கில் ஆறு வருட அனுபவம்

பினாங்கில் லேஸ் பின்னுகிறவர்களுக்கு முதல் கவலை ஈரம்தான். நூல் சிக்கினால் பொறுமையாகப் பிரித்துவிடலாம். நூலைச் சுற்றிவைத்துப் பின்னும் சிறு மரக்குச்சிதான் பாபின், அதில் பூஞ்சை ஏறிவிட்டால் சுற்றிய நூலும் கறைபட்டுப் போகும்.

என் பாட்டி இடையன்குடிக்காரர். அந்த ஊரில் லேஸ் கற்றுக்கொடுத்தவர் கால்டுவெல்லின் மனைவி எலைசா. அவருக்கும் முன்பே அவருடைய தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் அதைத் தொடங்கியிருந்தார். பாட்டி வாயில் அது ‘ரேந்தை’. அவர் விட்டுச்சென்ற பாபின்களைக் கெடாமல் வைத்திருப்பது எனக்குப் பெரிய பொறுப்பு.

முதலில் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். நான் பிறகு வாங்கிய இங்கிலாந்து வகைப் பாபின்களின் அடியில் கண்ணாடி மணிகள் கோத்திருக்கும். பாபின் உருளாமலும் நூல் தொய்யாமலும் இருப்பதற்கு அந்த மணிகள்தான் காரணம். டின்னில் உரசி நான்கைந்து உடைந்தன. அப்புறம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி. அக்டோபர் மழையில் ஒரு மாதம் திறக்கவில்லை. திறந்தபோது பன்னிரண்டு ஜோடிப் பாபின்களில் சாம்பல் நிறப் படலம். மரத்தில் ஏற்கெனவே இருந்த ஈரம் வெளியேற வழியே இல்லை. அன்று மனம் விட்டுப்போனது.

பிறகு கெட்டிப் பருத்தித் துணியில், வரிசையாகச் சிறு பைகள் வைத்து, சுருட்டிக்கொள்ளும்படி நானே ஒரு சுருள் தைத்தேன். அதைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். என் பாபின் சுமார் 10 செ.மீ. நீளம். ஒவ்வொரு பையும் 7 செ.மீ. ஆழம், 5 செ.மீ. அகலம். மணி அடியில், நூல் சுற்றிய தலை மேலே. ஒரே நூல்தான் இரண்டு பாபினையும் இணைக்கிறது என்பதால் ஜோடியைப் பிரிக்காமல் ஒரே பையில் வைப்பேன். மேலே ஒரு மடிப்புத் துணி மூடிக்கொள்ளும். முதலில் 4 செ.மீ. அகலம் வைத்துத் தைத்தேன், மணிகள் நெருங்கி இழுபட்டன. பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஒரு சுருளில் 24 ஜோடிக்கு மேல் வேண்டாம், தடித்துவிடும். பின்னும்போது லேஸைத் தலையணையில் குத்திப் பிடிக்கும் ஊசிகள் பித்தளையாக இருக்கட்டும், இரும்பு துருப்பிடித்து நூலைக் கெடுக்கும்.

பாதி பின்னிய வேலையோடு பயணம் என்றால் வேறு முறை. கோலாலம்பூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது பாபின்களை நான்கு நான்கு ஜோடியாக நாடாவில் கட்டி, லேஸ் பின்னும் தலையணையோடு சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றிவிடுவேன். ஃபெரியிலும் பட்டர்வொர்த் ரயிலிலும் அதை மடியில் படுக்கையாகத்தான் வைப்பேன். நிமிர்த்தினால் பாபின்கள் ஒரு பக்கம் சரிந்து ஊசிகளை இழுத்துவிடும்.

வீடு வந்ததும் சுருளை விரித்து, ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் போடுகிறேன். வெயிலில் காயப்போடுவதில்லை, பாட்டியின் பாபின்கள் வெடித்துவிடும்.