ஃப்ரீயாகக் கொடுத்த பேட்டரியை முதலில் எடை போட்டுப் பாருங்கள்

லண்டனில் இருக்கிறவர்களுக்காக, குறிப்பாக சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு மாறியவர்களுக்காக எழுதுகிறேன். கிழக்கு லண்டனில் ஒரு கடையில் பாக்ஸ் மாட் (பேட்டரி போட்டு, வாட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி மாதிரியான வேப் கருவி) ஒன்று வாங்கி நன்றாக ஏமாந்தேன். புகார் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் கடைப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் பெரிய பயன் இல்லை, இந்த மாதிரி சரக்கு ஒரு கடையோடு நிற்கிற சரக்கு கிடையாது.

விலை 55 பவுண்ட். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று போய் வாங்கினதில்லை, அந்த மாடலுக்கு எல்லாரும் சொல்கிற விலைதான். 18650 என்கிற உருளை பேட்டரி செல் இரண்டு போடுகிற மாட், கூடவே வேப் திரவம் ஊற்றும் டேங்க் ஒன்று, திரவத்தைச் சூடாக்கும் காயில் இரண்டு, பெட்டியில் பெரிய எழுத்தில் 200 வாட். கல்லாவில் நின்றவர் ஊதா நிற உறை போட்ட இரண்டு செல்லை எடுத்துப் பைக்குள் போட்டு, இது ஃப்ரீ என்று சிரித்தார். உறையில் 3000 எம்ஏஎச் (செல் எவ்வளவு சேமிக்கும் என்கிற கொள்ளளவு), 40 ஆம்பியர் (ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் கொடுக்கும்) என்று போட்டிருந்தது. இந்த இரண்டு எண்ணையும் ஒரே செல்லில் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது, ஏனென்றால் என் பிழைப்பே எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர். சந்தையில் கிடைக்கும் நல்ல கம்பெனி 18650 செல்களில் 3000 எம்ஏஎச் என்றால் பொதுவாக 15, 20 ஆம்பியர்தான் தொடர்ந்து கொடுக்கும். ஆம்பியர் கூட வேண்டும் என்றால் கொள்ளளவு 2500, 2600 என்று இறங்கிவிடும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அந்த டப்பாவுக்குள் அடைக்க முடிகிறது அவ்வளவுதான். ஆன்லைனில் 9900 எம்ஏஎச் என்றெல்லாம் 18650 விற்கிறார்களே, அதெல்லாம் சுத்தப் பொய். நல்ல கம்பெனி செல்லிலேயே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

சரி, சந்தேகம் வந்தாயிற்று, அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் சமையலறைத் தராசு. ஒழுங்கான 18650 செல் 45 கிராமை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இவை இரண்டும் 36 கிராம். இதற்கு மேல் சோதனையே தேவையில்லை, ஆனாலும் விடவில்லை. கொள்ளளவு அளக்கிற சார்ஜர் ஒன்று என்னிடம் இருக்கிறது, செல்லை முழுக்க ஏற்றி, பிறகு மெதுவாக வடியவிட்டு எவ்வளவு வந்தது என்று காட்டும். ஒன்று 1180 எம்ஏஎச், இன்னொன்று 1090. போட்டிருந்தது 3000. உள்தடை, அதாவது செல்லே தனக்குள் மின்சாரத்தைத் தடுக்கிற அளவு, 95 மில்லிஓம், 110 மில்லிஓம். அதே சார்ஜரில் என்னுடைய பழைய ஒரிஜினல் செல்களைப் போட்டால் 25, 30 என்றுதான் காட்டுகிறது.

உள்தடை என்றதும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் கை சுடுவதும் சுடாததும் அங்கேதான் இருக்கிறது. கணக்கு சின்னது. ஒரு செல்லிலிருந்து 10 ஆம்பியர் இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். உள்தடை 100 மில்லிஓம் என்றால் அந்தச் செல்லுக்குள்ளேயே ஒரு வோல்ட் காணாமல் போகிறது, 10 வாட் வெப்பமாக மாறுகிறது. ஒரு சின்ன சாலிடரிங் அயர்னை ஆன் செய்து உள்ளங்கையில் மூடிப் பிடிக்கிற மாதிரி. ஒரிஜினல் செல்லில் அதே 10 ஆம்பியருக்கு 3 வாட்டைத் தாண்டாது. வேப்பில் பட்டனைச் சில நொடிகள்தான் அழுத்துகிறோம் என்பதால் பிழைத்துக்கொள்கிறோம், ஆனால் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் என்ன கதி என்று யோசியுங்கள். பட்டன் கதைக்கு வருகிறேன்.

கடை செல்களை மாட்டில் போட்டு 0.15 ஓம் காயிலோடு 60 வாட் வைத்தேன். இரண்டு செல்லும் தொடராக இருப்பதால் 60 வாட் கிடைக்க ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 11 ஆம்பியர் கொடுத்தாக வேண்டும். முழு சார்ஜில் இருந்த செல், பட்டனை அழுத்தியவுடன் 3 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது, திரையில் 'பேட்டரி வீக்' என்று வந்து நின்றுவிட்டது. பெட்டியில் போட்டிருக்கிற 200 வாட் வேண்டும் என்றால் செல்லுக்கு 30 ஆம்பியருக்கு மேல் போகும். நல்ல செல்களில் பெரும்பாலானவையே அதைத் தொடர்ந்து தாங்காது. இவை எங்கே தாங்கப் போகின்றன?

இதுவரை செல் கதை. மாட் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை.

என்னுடைய ஒரிஜினல் செல்களைப் போட்டு, டேங்க்கைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதில் கையால் காயில் கட்டும் ஆர்டிஏ என்கிற தலைப்பகுதி ஒன்றை மாட்டி, காயிலின் இரண்டு தூண்களிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 0.15 ஓமில் 60 வாட் என்றால் 3 வோல்ட் வர வேண்டும், வந்தது 2.5. கணக்குப் போட்டால் 42 வாட். சில மாட்கள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பும், அப்போது சாதாரண மீட்டர் குறைத்துக் காட்டும், அதனால் மறுநாள் வேலை இடத்து ஆசிலோஸ்கோப்பிலும் போட்டுப் பார்த்தேன். துடிப்பெல்லாம் இல்லை, நேர்கோடு, அதே 2.5 வோல்ட். 90 வாட் வைத்தால் 60 வந்தது. அதற்கு மேல் நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று எதை வைத்தாலும் திரையில் எண் மட்டும் ஏறுகிறது, காயிலுக்குப் போவது ஏறவில்லை. ஒரு பொருள் 60 வாட்தான் தரும் என்றால் அது குற்றமே இல்லை, எனக்கு 50 வாட்டே போதும். திரையில் வேண்டுமென்றே பொய் எண் காட்டும்படி செய்திருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

உடம்பு வேலைப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் எடுத்தால் நல்ல கனம், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் தரமானது என்று நினைக்கிறார்கள், துத்தநாகக் கலவையில் வார்த்தால் எல்லாமே கனமாகத்தான் இருக்கும். மேலே டேங்க் திருகும் 510 இணைப்பில் நடுவில் இருக்கும் ஊசியை அமுக்கினால் ஸ்பிரிங்கில் மேலே வர வேண்டும், இதில் அமுங்கினது அமுங்கினபடியே இருந்தது, அதனால் டேங்க்கை மாற்றினால் காயிலைக் காணவில்லை என்கிறது. பேட்டரி மூடியின் காந்தம் லொடலொட. செல்லைத் தலைகீழாகப் போட்டால் தடுக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று பெட்டியில் இருக்கிறது, அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. செல் சூடாகி வாயு வெளியேற வேண்டி வந்தால் அதற்கு அடியில் ஓட்டைகள் வேண்டும். இதில் ஓட்டை மாதிரி அச்சு மட்டும் போட்டிருக்கிறார்கள், ஊசியை விட்டுப் பார்த்தேன், அடைத்திருக்கிறது!

இதில் மோசமானது உள்ளே இருந்த தகடு. செல் உட்காரும் இடத்தில் தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருந்தது, செல்லைப் போட்டு எடுக்கும்போது உறையைக் கீறிவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், 18650 செல்லில் மேல் மொட்டைத் தவிர மீதி உடம்பு முழுவதும் நெகட்டிவ். அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் நடுவில் இருக்கும் ஒரே தடுப்பு. அது கிழிந்து உலோகத்தில் பட்டால் ஷார்ட். உறை கிழிந்த செல்லைச் சட்டைப் பையில் சாவியோடு, சில்லறையோடு போட்டுக்கொண்டு நடக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், பிளாஸ்டிக் செல் பெட்டி ஒன்றிரண்டு பவுண்ட்தான்.

பட்டன் கதை இது. ஒரு பக்கமாக அழுத்தினால் பட்டன் சாய்ந்து உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மேசை மேல் வைத்திருந்தபோது காயில் தானாகச் சூடேற ஆரம்பித்து, 10 நொடி கழித்து தானாக நின்றது. அந்த 10 நொடிக் கட்டுப்பாடாவது வேலை செய்ததே என்று அதற்கு மட்டும் ஒரு மதிப்பெண் போடலாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேப் பேனா வெடித்து ஒருவர் இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்தில் 24 வயதுப் பையன் ஒருவன், வெடித்த துண்டு கழுத்து ரத்தக்குழாயை வெட்டி, இறந்தான். நடப்பது அபூர்வம்தான். ஆனால் என் முகத்துக்கு எதிரே பிடிக்கிற பொருள் இது.

கடைக்குத் திரும்பப் போனேன். தராசு படம், சார்ஜர் படம், ரசீது எல்லாம் கையில். ஓனர் படத்தைப் பார்க்கக்கூட இல்லை, பெட்டி பிரித்தாயிற்று, வாயில் வைத்த பொருள், சுகாதாரக் காரணத்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சுவரில் ஒட்டிய காகிதத்தைக் காட்டினார். செல் பற்றிக் கேட்டால் அது ஃப்ரீதானே, ஃப்ரீ பொருளுக்கு என்ன கேரண்டி என்கிறார். 200 வாட் வரவில்லையே என்றால் "யாரும் 200-ல் பிடிப்பதில்லை" என்கிறார். இதில் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கடையில் பார்ட் டைம் பார்க்கிற தம்பி பின்னாலேயே வந்தான், நம்ம ஊர்ப் பையன், மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். "அண்ணா, அந்த செல்லை யூஸ் பண்ணாதீங்க. ஒரு அட்டைப் பெட்டியில மொத்தமா உறையில்லாம வரும், நாங்கதான் ஹீட் கன் வெச்சு கலர் உறை போடுவோம்" என்றான். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "பழைய லேப்டாப் பேட்டரி உடைச்சதுன்னு நினைக்கிறேண்ணா. நான் சொன்னேன்னு ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க, ரெண்டு வாரச் சம்பளம் நிக்குது." அவன் இப்போது அங்கே இல்லை, சம்பளமும் வாங்கிவிட்டான், அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் அளந்ததும் அவன் சொன்னதும் ஒத்துப்போகின்றன: உழைத்துத் தேய்ந்த செல்லில்தான் கொள்ளளவு இப்படி இறங்கி உள்தடை இப்படி ஏறும். 36 கிராம் எடை மட்டும் பழைய லேப்டாப் செல்லுக்குக்கூடக் குறைவு, ஆக அதைவிட மட்டமான இடத்திலிருந்தும் கலந்து வருகிறது என்றே படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், இங்கே 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் இருக்கிறது. பொருள் சொன்னபடி இருக்க வேண்டும், திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். சுவரில் ஒட்டின காகிதம் இந்த உரிமையை ரத்து செய்யாது. சுகாதாரக் காரணம் எல்லாம் ஆன்லைனில் வாங்கி மனம் மாறித் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு, கோளாறான பொருளுக்கு இல்லை. டெபிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திருப்பிக் கேட்பது) போட்டேன், அளவுப் படங்களைப் பார்த்துவிட்டு 55 பவுண்டும் திரும்ப வந்தது. கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் வாங்கினால் செக்‌ஷன் 75 (கடையோடு கார்டு கம்பெனியும் பொறுப்பு என்கிற சட்டப் பிரிவு) இன்னும் வலுவானது. ரொக்கமாகக் கட்டியிருந்தால் இன்றைக்கும் அந்த ஓனரோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருப்பேன். கடை மோசடிகளை விசாரிக்கிற ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு நேராகப் போக முடியாது, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்கிற இலவச ஆலோசனை அமைப்பு வழியாகத்தான் புகார் போகும், போட்டிருக்கிறேன். மருந்துகளையும் வேப் பொருள்களையும் கண்காணிக்கிற அரசு அமைப்பான எம்எச்ஆர்ஏவின் யெல்லோ கார்டு என்கிற புகார் பக்கத்திலும் வேப் பாதுகாப்புக் கோளாறைப் பதியலாம், அங்கேயும் பதிந்தாயிற்று.

கடையில் நிற்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டால், ஓரளவு உண்டு. இங்கிலாந்தில் 2016 விதிகளின்படி டேங்க் 2 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்குக் கொடுத்த பெட்டிக்கு வெளியே 2 மில்லி, உள்ளே மாட்டியிருந்தது 5 மில்லி கண்ணாடி. இங்கே விற்பதற்காக வந்த சரக்கு அப்படி இருக்காது. எம்எச்ஆர்ஏ பட்டியலில் பொருளின் பெயரைத் தேடலாம், போனிலேயே முடியும். ஒரிஜினலா என்று சரிபார்க்கச் சுரண்டிப் பார்க்கும் எண் பெட்டியில் இருந்தால், அதில் போட்டிருக்கும் இணைய முகவரியை நம்பி அடிக்காதீர்கள், கம்பெனியின் தளத்தை நீங்களே தேடிப் போய் எண்ணைப் போடுங்கள். என் பெட்டியில் இருந்த முகவரியில் ஒரு எழுத்து கூடுதல், அந்தப் பக்கத்தில் கன்னாபின்னாவென்று எந்த எண்ணைப் போட்டாலும் "வாழ்த்துகள், ஒரிஜினல்" என்கிறது. செல்லை மட்டும் மாட் விற்கும் கடையில் வாங்காமல், செல் மட்டுமே விற்கிற, சோதனை முடிவு கொடுக்கிற இடத்தில் வாங்குவது என் வழக்கம்.

வரும்போது ஒன்று கொண்டு வா என்று ஊரில் இருந்து கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 2019-லிருந்து இதை விற்பது மட்டுமில்லை, இறக்குமதியும் குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே அபராதம். என் மச்சானுக்கே முடியாது என்று சொல்லிவிட்டேன். புகைக்காதவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, அது தனி.

அந்த இரண்டு ஊதா செல்லும் இரு முனையிலும் டேப் ஒட்டி, ஒரு பீங்கான் ஜாடியில் பால்கனியில் இருக்கின்றன, ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் கேட்டால் கொடுக்க. கேட்காவிட்டால் சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் பேட்டரித் தொட்டிக்குப் போகும். உங்களிடமும் இந்த மாதிரி இருந்தால் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கலாம்.